கட்டுண்ட கரடி

மிசிசிப்பி ஆற்றோரச் சதுப்பு வனங்களிலே கருங்கரடியை வேட்டையாட அந்நாளில் நாய்களே பெருந்துணையாயிருந்தன. அடர்ந்த காட்டு மூங்கிற் புதர்களுள் மறைந்த கரடியை அவற்றின் மோப்பம் கண்டுபிடித்தது. குரைப்பொலியைக் கொண்டே வேடன் அது ஓடும் திசையை அறிந்தான். இவ்வேட்டையிற் பெயர்பெற்றவர், அடிமையாகப் பிறந்த ஹோல்ட் கோலியர்.

1902 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அங்கு வேட்டைக்கு வந்தபோது வழிகாட்டியவர் அவரே. நாய்கள் வளைத்த கரடி ஒரு நாயைக் கொன்றது. முதற் கரடி ஜனாதிபதிக்கே உரியதாகையால் கோலியர் அதனைச் சுடவில்லை; துப்பாக்கியின் பின்கட்டையால் அடித்து வீழ்த்தி, கயிற்றால் மரத்தோடு பிணைத்தார். வந்து கண்ட ரூஸ்வெல்ட், கட்டுண்ட விலங்கைச் சுடுதல் வேட்டையறமன்று என மறுத்தார். ஆயினும், காயமுற்ற அக்கரடி அவர் சொற்படியே கத்தியாற் கொல்லப்பட்டது.

கிளிபோர்ட் பெரிமன் வரைந்த கேலிச்சித்திரம் அம்மறுப்பை மட்டுமே நாடறியச் செய்தது. அதிலிருந்து பிறந்த கரடிப் பொம்மை, ‘டெடி’ என்னும் ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்றது. கரடியின் முடிவை அப்பொம்மை சொல்லவில்லை. அதனைப் பிடித்தவரின் பெயரையும் சொல்லவில்லை. 1936இல் மறைந்த கோலியரின் பெயர், 2004இலேயே மிசிசிப்பியில் ஒரு வனவிலங்குப் புகலிடத்துக்குச் சூட்டப்பெற்றது.