அடுப்பங்கரையும் மேடையும்

திருவண்ணாமலை மாடவீதிப் பழைய வீடுகளில் அடுப்பங்கரை கடைசிக் கட்டில் இருந்தது. புகைதான் காரணம் என்பார்கள்; பிற சாதியார் கண்ணில் சோறு படக்கூடாதென்ற ஆசாரத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கொடியடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை எல்லாம் தரையில். நாலு பேர் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். 1930களில் ரமணர் ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் மற்றவர்களோடு காய் நறுக்கியதும் இப்படி உட்கார்ந்துதான்.

இந்தக் கூட்டம் கலைந்த கதை வேறோர் ஊரில் தொடங்குகிறது. 1926ல் லிஹாட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் ஃப்ராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்காகச் சுமார் ஆறரைச் சதுர மீட்டரில் ஒரு சமையலறை வரைந்தார். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரே ஒருத்திக்கு. அதன் சாயல் இங்கே காஸ் சிலிண்டரோடு வந்தது. அடுப்பு மேடையேறிற்று. 2007ல் அரசு இலவச காஸ் அடுப்பு கொடுத்தது, 2011ல் மிக்ஸியும் கிரைண்டரும். ஆட்டுக்கல் கொல்லைக்குப் போயிற்று.

புகை போனதற்கு அழ நான் தயாரில்லை. அழுகிறவர்கள் ஊதாங்குழல் பிடித்தறியாத ஆண்கள். என் சந்தேகம் வேறு. கிரிவலப் பாதையோரம் நான் பார்த்த புது வீடுகளில் சமையலறைக்குக் கதவில்லை, கூடத்தோடு ஒன்றாகத் திறந்து கிடக்கிறது. மேடை மட்டும் சுவரையொட்டியே. நிற்பவள் ஒருத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் டெலிவிஷன் ஓடுகிறது.