இலக்கும் தடமும்: மலேசியச் சாலைப் பாதுகாப்புத் திட்டமிடல் வரலாற்றில் மோட்டார் சைக்கிளோட்டிகள்

சாலைப் பாதுகாப்புத் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் அரசு அறிவித்த இலக்குகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவ்விலக்குகள் எட்டப்பட்டனவா என்பதோடு, உயிரிழப்பு உண்மையில் குறைந்ததா என்பதையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். மலேசியச் சாலைகளில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிள்களில் செல்வோரே. ஆதலின், அவர்களை முன்னிறுத்தி இவ்வேறுபாட்டை ஆராய முற்படுகிறோம்.

1970களின் தொடக்கத்தில், உலக வங்கியின் நிதியுதவியுடன் மேற்கொள்ளப்பட்ட பணிகளின்போது, கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. 1990களில் அது ஷா ஆலம் பகுதியில் நீட்டிக்கப்பட்டது. அத்தடம் திறக்கப்பட்ட பின்னர் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தன என ராடின் உமர் முதலானோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. லாரி, கார் ஆகியவற்றின் எடையும் வேகமும் மோட்டார் சைக்கிளோட்டியை நெருங்காவண்ணம் சாலையே தடுத்துவிடுகிறது. ஓட்டுநர் ஒரு கணம் தவறினும் அத்தவறு ஓர் உயிரைக் குடிப்பதில்லை.

சட்டத்தின் பங்கினையும் இங்குக் குறைத்து மதிப்பிட இயலாது. தலைக்கவசம் 1973இல் கட்டாயமாக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி 1992இல் நடைமுறைக்கு வந்தது. வாகனம் கண்ணுக்குப் புலப்படாமையால் நேரும் விபத்துகளை இவ்விதி சுமார் 29 விழுக்காடு குறைத்தது என்பர்.

இனி இலக்குகளை நோக்குவோம். 2000ஆம் ஆண்டில் 9,127 பேர் இறக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டு, அதனை 30 விழுக்காடு குறைப்பது இலக்காகக் கொள்ளப்பட்டது. அவ்வாண்டில் இறந்தோர் 6,035 பேர். கணிப்போடு ஒப்பிடின் இலக்கு நிறைவேறியது. ஆனால் 1990இல் இறந்தோர் 4,048 பேரே. எனவே, வெற்றி எனப் பதிவான அப்பத்தாண்டில் இறப்பு உண்மையில் கூடியிருந்தது. வாகனங்களின் பெருக்கத்தைக் கருதும்போது இத்தகைய கணிப்புக்கு ஒரு நியாயம் உண்டு. எனினும், உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு அந்நியாயம் எவ்வகையிலும் ஆறுதலாகாது.

2020ஆம் ஆண்டுக்கான திட்டமும் இம்முறையையே பின்பற்றியது. கணிக்கப்பட்ட 10,716 இறப்புகளை 5,358ஆகப் பாதியாக்குவது அதன் இலக்கு. அவ்வாண்டில் பதிவான இறப்புகள் 4,634. ஆயின், அது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் சாலைகள் வெறிச்சோடிய ஆண்டு. 2022இல் இறந்தோர் தொகை 6,080ஆகவும், 2023இல் 6,443ஆகவும் மீண்டும் உயர்ந்தது. மக்கள் சாலைக்குத் திரும்பியதும் இறப்பும் திரும்பியமை, சாலையின் இயல்பு மாறவில்லை என்பதையே உணர்த்துகிறது.

1994இல் முழுமையடைந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்கள் அனுமதிக்கப்படுகின்றன. ஆயினும், அதன் பெரும்பகுதியில் தனித்தடம் இல்லை. இருபதாண்டுகளுக்கு முன்னரே கூட்டரசு நெடுஞ்சாலையில் கண்டறிந்த வழி, நாட்டின் மிக நீண்ட விரைவுச்சாலையின் பொது அமைப்பாகவில்லை. செலவும் நிலத்தேவையும் இதற்குத் தடைகளாக இருந்திருக்கலாம். ஆனால், பிற்பட்ட திட்டங்கள் காப்புக்குரிய பொறுப்பைப் பெரிதும் ஓட்டுநரின் கவனத்தின்மீதே சுமத்தின என நாம் கருதுகிறோம்.

எனவே, பாதுகாப்புத் திட்டமொன்றை மதிப்பிடும் வரலாற்றாய்வு, அது முன்வைத்த எண்ணோடு நின்றுவிடலாகாது. அத்திட்டம் சாலையில் எதை மாற்றியது, யாருக்காக மாற்றியது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அன்றாடம் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று வீடு திரும்புவோரின் வாழ்வு அவ்வினாக்களுக்கான விடையையே சார்ந்துள்ளது.