உப்பளத்திலிருந்து ரத்தத்துக்கு

ஸ்பெயினின் அலிகாந்தே நகருக்குப் பக்கத்தில் சாந்தா போலா என்ற கடலோர ஊர். அங்குள்ள உப்பளங்களில், பெரும்பாலான உயிர்கள் பிழைக்க முடியாத கரிப்பில் வாழும் ஒரு நுண்ணுயிரை 1990-களின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ மொஹிகா என்ற இளம் ஆய்வாளர் ஆராய்ந்தார். அதன் டிஎன்ஏவில் ஒரே எழுத்து வரிசை, சீரான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. ஜப்பானின் ஒசாகாவில் இஷினோ குழுவினர் 1987-லேயே குடல்வாழ் பாக்டீரியா ஒன்றில் இதுபோலப் பார்த்திருந்தார்கள். எதற்காக இருக்கிறது என்பது யாருக்கும் புரியவில்லை.

மொஹிகா அதை விடவில்லை. பத்தாண்டுகள் கழித்துத்தான், அந்த இடைவெளிகளில் கிடப்பவற்றில் பல வைரஸ்களின் துணுக்குகள் என்று கண்டார். முன்பு தாக்கிய எதிரி மறுபடி வந்தால் அடையாளம் காண்பதற்காக நுண்ணுயிர் சேர்த்துவைத்தவை அவை. பெரிய இதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2005-ல்தான் அது அச்சேறியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். எந்த நோயையும் மனத்தில் வைத்து அவர் இதைத் தேடவில்லை.

2007-ல் டானிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் தயிர் உறையவைக்கும் பாக்டீரியாவைக் கொண்டு அவர் சொன்னது உண்மையென நிரூபித்தார்கள். 2012-ல் இம்மானுவேல் ஷார்பாந்தியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் அடுத்த அடியை வைத்தனர். தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிடம் உள்ள கேஸ்9 என்ற புரதம்தான் கத்தரி. சிறிய ஆர்என்ஏ இழையொன்று அதற்கு வழிகாட்டி. அந்த இழையை மாற்றி எழுதினால், டிஎன்ஏவில் நாம் சொல்லும் இடத்தில் கத்தரி வெட்டும். இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கிள் செல் சோகை ஒரே ஓர் எழுத்துப் பிழையால் வருவது. ஹீமோகுளோபின் மரபணுவில் ஏ இருக்கவேண்டிய இடத்தில் டி இருக்கும். அவ்வளவில், சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. எலும்புக்குள் பிராணன் போகிற வலி. இந்தக் கத்தரியைப் பயன்படுத்தும் கேஸ்ஜெவி என்ற சிகிச்சை அந்தப் பிழையைத் தொடுவதே இல்லை! கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்தபின் பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அடக்கிவிடும். சிவப்பணு உருவாகும்போது அந்த மரபணுவை முடுக்கிவிடும் பகுதியைக் கத்தரி வெட்டுகிறது. உறங்கிய ஹீமோகுளோபின் விழித்துக்கொள்கிறது.

இதற்காக நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். திருத்திய செல்கள் உறைநிலையில் திரும்பி வர மாதக்கணக்காகும். வந்தபின் கடும் கீமோதெரபியால் பழைய எலும்பு மஜ்ஜையை அழித்து, திருத்திய செல்களை ரத்தநாளம் வழியே ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் இதை முதலில் ஏற்றுக்கொண்டவர் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே; ஆண்டு 2019. பிறகு நடந்த ஆய்வில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து கடும் வலித்தாக்குதல் வரவில்லை. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது, டிசம்பரில் அமெரிக்கா.

அங்கே இதன் விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் சிக்கிள் செல் மரபணு முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952-ல், அங்குள்ள பழங்குடியினரிடம். இருளரும் பணியரும் குறும்பரும் அந்த வலியை இன்றும் சுமக்கிறார்கள். ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்ட மருந்து அவர்கள் வீட்டுப் படியேறாமல் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லியிலுள்ள சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி ஆய்வாளர்கள் வேறொரு பாக்டீரியாவின் கேஸ்9-ஐக் கொண்டு குறைந்த செலவில் சிகிச்சையை உருவாக்க முயல்கிறார்கள். ஆனாலும் கீமோதெரபியும் வாரக்கணக்கில் தனியறையும் மலைக்கிராமத்தவருக்கு எளிதல்ல. வேறொரு நோய்க்காகக் கத்தரியை ஊசிவழி நேராகக் கல்லீரலுக்கு அனுப்பும் முயற்சி 2021-லேயே பலன் தந்தது. அதே ஊசி எலும்பு மஜ்ஜையைச் சென்றடையும் வழியைத்தான் ஆய்வாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.