திமிங்கிலம்: தமிழ்க் கரையோரத்தில் மனிதத் தீங்கின் வரலாறு

திமிங்கிலம் கடலில் வாழும் பாலூட்டி. ‘திமி’ என்னும் பெருமீனையே விழுங்குவது என்று வடமொழி வழி வந்த இப்பெயருக்குப் பொருள் சொல்வர். நெய்தல் நில மக்கள் ஓங்கல் அல்லது ஓங்கில் என்று அழைக்கும் டால்பினும் பல்லுடைய திமிங்கிலங்களின் உறவுக் கூட்டத்தைச் சேர்ந்ததே; ஆகவே இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. தமிழகக் கரையில் திமிங்கில வேட்டை ஒரு தொழிலாக வளர்ந்ததற்குச் சான்று இல்லை. தமிழர்களால் திமிங்கிலத்துக்குக் கேடில்லை என்ற எண்ணம் பரவலாக நிலைத்திருப்பது இதனால்தான். கிடைக்கும் பதிவுகளை அடுக்கிப் பார்த்தால் அந்த எண்ணம் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. வேட்டைக்காரன் தன் லாபத்துக்காகக் கணக்கு வைத்தான். வலை, கப்பல், வாசனைச் சந்தை ஆகியவை கொல்வதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. கணக்கு இல்லாத இடத்தில் கொலையும் இல்லை என்று எண்ணுவதே இந்த வரலாற்றின் பெரும்பிழை.

பழைய காலத்தைப் பற்றிச் சொல்லக் கிடைப்பது சொற்பம். எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் விளையும் வாசனைப் பண்டம் ‘மீனம்பர்’ என்ற பெயரில் மருந்துச் சரக்குகளுள் இடம்பெற்றிருந்தது. கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கியதே அதன் வழி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றியுள்ள கடலை எண்ணெய்த் திமிங்கிலங்களுக்கான களமாகக் கொண்டிருந்தன. 1852இல் கல்கத்தாவை அடுத்த உப்பேரிப் பகுதியில் ஒரு திமிங்கிலக் கூட்டம் சிக்கியதை எட்வர்டு பிளித் என்ற விலங்கியலாளர் குறித்துவைத்தார். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. கடலே பார்த்திராத பிள்ளைகள் பலருக்கும் திமிங்கிலம் என்றால் அந்த விலா எலும்புகள்தான்.

வட இந்தியப் பெருங்கடலில் நடந்த மிகப் பெரிய படுகொலை கரையில் இருந்த எவர் கண்ணுக்கும் படவில்லை. 1963 முதல் 1966 வரை சோவியத் ஒன்றியத்தின் வேட்டைக் கப்பல்கள் இக்கடலில் சுமார் 1,300 நீலத்திமிங்கிலங்களைப் பன்னாட்டு விதிகளுக்குப் புறம்பாகக் கொன்றன. 1965–66இல் அரபிக் கடலில் மட்டும் 242 கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. பிற பெருங்கடல்களின் கூட்டங்களோடு கலவாமல் ஆண்டு முழுதும் இங்கேயே தங்கிவிடும் அந்தச் சிறு கூட்டம் இன்றுவரை தேறவில்லை. பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு பொய்க்கணக்கு என்பது 1990களில் ரஷ்ய அறிவியலாளர்களே வெளிப்படுத்தியபோதுதான் தெரிந்தது. ஆக, வேட்டைக்காரன் கணக்கு வைத்தான் என்ற மேற்கூற்றிலும் ஒரு திருத்தம் வேண்டும்: உலகுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக இரண்டு கணக்கு வைத்தவனும் உண்டு. அந்த இரண்டாவது கணக்கு தப்பிப் பிழைத்ததால்தான் இன்று எண்ணைச் சொல்ல முடிகிறது. 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 1982இல் முடிவான வணிக வேட்டைத் தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது.

தமிழகக் கரையைப் பொறுத்தவரை பதிவுகள் தடித்து நிற்பது மணப்பாட்டில். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல்மேட்டு முனையில் திருச்சிலுவைக் கோயிலைத் தாங்கி நிற்கும் பரதவர் ஊர் அது. 1973 ஜனவரி 14, தைத்திங்கள் முதல் நாள், அந்தப் பகுதிக் கரையில் 147 குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஏறின. ‘பைலட்’ திமிங்கிலம் என்று நாளிதழ்கள் எழுதும் இனம் இது: கருத்த உடல், உருண்ட நெற்றி, தாய்வழிக் குடும்பமாகத் திரியும் பழக்கம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் உடன் பணியாளர்களும் சென்று பார்த்து எழுதிய அறிக்கைதான் அந்நாளைப் பற்றிய அடிப்படைச் சான்று.

நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, 2016 ஜனவரி 11 மாலையில் அதே கரையில் அதே இனம் மீண்டும் ஏறியது. கல்லாமொழி, ஆலந்தலை, மணப்பாடு என்று கரை நெடுகக் கிடந்தன. முதல் செய்திகள் நூற்றுக்கும் மேல் என்றன. பின்னர் நிலைபெற்ற எண்ணிக்கை 81. அவற்றுள் 45 இறந்தன, 36 கடலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன என்பது பெரும்பாலான அறிக்கைகள் ஒத்துப்போகும் கணக்கு. திருப்பி அனுப்பியவை எல்லாம் பிழைத்தன என்று கொள்வதற்கில்லை. மீனவர்கள் கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துச்சென்று விட்டார்கள். விட்டவற்றில் பல படகு திரும்புமுன் கரைக்குத் திரும்பின. கரையில் கிடக்கும் உறவின் குரல் கேட்கும்வரை இந்த இனம் விலகிப்போகாது என்பது ஆய்வாளர் விளக்கம். இறந்தவற்றைக் கடற்கரையிலேயே பொக்லைன் இயந்திரங்களால் குழி தோண்டிப் புதைத்தார்கள். இதற்கு மாறாக, 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் ஏறத்தாழ 120 திமிங்கிலங்கள் ஏறியபோது கடற்படையினரும் ஊராரும் இரவெல்லாம் தண்ணீரில் நின்று மிகப் பெரும்பாலானவற்றை மீட்டனர்.

இக்கரையேற்றங்களுக்குக் காரணம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வழிநடத்தும் விலங்கின் நோய், கடலடி அதிர்வு, இரையைத் துரத்தி ஆழமற்ற இடத்துக்கு வந்தமை, சாய்வு குறைந்த மணற்கரையில் எதிரொலி சரியாகத் திரும்பாமை, கப்பல்களின் ஒலியுணர் கருவிகள் என்று பலவும் சொல்லப்படுகின்றன. மணப்பாட்டு நிகழ்வுகளில் எதுவும் நிறுவப்படவில்லை. இங்கே ஒரு மறுப்பு எழும். 1852இல் வங்கத்தில் ஒலியுணர் கருவி ஏது? இயற்கையாக நிகழ்வதை மனிதன் தலையில் கட்டுவது முறையா? மறுப்பு நியாயமானது. ஒப்புக்கொள்ளவே வேண்டும்: கூட்டக் கரையேற்றம் மனிதத் தீங்குக்கு வலுவான சான்று ஆகாது. ஆனால் அதை ஒப்புக்கொண்டதும் வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது. மனிதன் காரணமா என்றே தெரியாத நிகழ்வுக்கு இவ்வளவு பக்கம் கிடைக்கிறது. மனிதனே காரணம் என்று ஐயமறத் தெரிந்தவற்றுக்கு ஏன் ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை? கரையேற்றம் ஊர்க் கண்முன் நடக்கிறது, படமெடுக்க முடிகிறது. வலையில் மூச்சடைத்து இறந்தது கடலிலேயே அறுத்து விடப்படுகிறது.

வலையே இன்று முதல் எதிரி. சூரை மீனுக்காக இரவில் மிதக்கவிடும் செவுள்வலை பல கிலோமீட்டர் நீளமிருக்கும். நுரையீரலால் மூச்சுவிடும் ஓங்கல் அதில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கி இறக்கும். 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலின் சூரை வலைகளில் 41 லட்சம் சிறிய திமிங்கிலங்களும் ஓங்கல்களும் சிக்கியிருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உச்சத்தில், 2004–2006இல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். கிடைத்த சில மாதிரிகளிலிருந்து விரித்த எண் இது, கூடலாம், குறையலாம் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். சரியான எண் இல்லாமைக்கு ஒரு காரணம் அச்சம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துள்ள விலங்கு தன் வலையில் செத்தது என்று எந்த மீனவர் வந்து எழுதிக்கொடுப்பார்? மீனவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு என்று இதற்கும் மறுப்பு உண்டு. 2016இல் வள்ளத்தை விட்டிறங்கித் திமிங்கிலத்தைத் தள்ளியவர்களும் மீனவர்களே. பெரிய விலங்கு சிக்கினால் கிழிவது அவர்கள் கடன் வாங்கி வாங்கிய வலை. சிக்கியதைச் சொன்னால் தண்டனை இல்லை என்று ஆகும்வரை கணக்கும் வராது, வலையின் ஆழத்தையும் நேரத்தையும் மாற்றுவது பற்றிய பேச்சும் தொடங்காது.

மீனம்பர் வணிகம் வேறு வகை. திமிங்கில உமிழ்நீர், திமிங்கில வாந்தி என்றெல்லாம் செய்திகளில் வரும் இது உமிழ்நீருமல்ல, வாந்தியுமல்ல. கணவாயின் செரிக்காத அலகுகளைச் சுற்றிக் குடலில் திரளும் மெழுகு. அண்மை ஆண்டுகளில் தமிழகக் கரை மாவட்டங்களில் இதைக் கடத்தியதாகக் கைதுகள் அடிக்கடி நிகழ்கின்றன. 2023 மே மாதம் தூத்துக்குடியில் வருவாய்ப் புலனாய்வுத் துறை 18.1 கிலோ பிடித்து, மதிப்பு 31 கோடி ரூபாய்க்கு மேல் என்றது. கரையில் ஒதுங்கியதை எடுப்பதால் எந்தத் திமிங்கிலம் சாகிறது என்று கேட்போர் உண்டு. கண்டெடுப்பதால் சாவதில்லை. ஆனால் ஒவ்வொரு கைதுச் செய்தியும் கோடிக் கணக்கில் விலை சொல்லி அச்சாகும்போது, இறந்தோ உயிரோடோ ஒதுங்கும் விலங்கின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் ஆசைக்கு அதுவே விளம்பரமாகிறது. சட்டம் விற்பனையைத் தடுத்திருப்பது சரியே என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சிறைவைப்பு பற்றிய தமிழகப் பதிவு ஒன்றே ஒன்று; அதுவும் சிறியது. 1990களின் இறுதியில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இயங்கிய ‘டால்பின் சிட்டி’ பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து ஓங்கல்கள் கொண்டுவரப்பட்டன. மூன்று என்றும் நான்கு என்றும் சொல்வர். ஆறு மாதத்துக்குள் எல்லாமே இறந்தன என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ஓங்கல் கூட்டங்கள் துள்ளும் வங்கக் கடல் பக்கத்திலேயே கிடக்க, வேறொரு நாட்டிலிருந்து வந்தவை தொட்டித் தண்ணீரில் முடிந்தன. பிள்ளைகள் பார்த்தால்தானே அன்பு வரும் என்பது இவ்வகைப் பூங்காக்களுக்குச் சொல்லப்படும் நியாயம். 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டு, மூன்று மனித மரணங்களில் தொடர்புபட்டு, 2017இல் அமெரிக்கத் தொட்டியிலேயே இறந்த ‘திலிக்கம்’ என்ற கொலைத் திமிங்கிலத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர்களுள் பலர் கற்றது, இதைப் பார்க்கவே வந்திருக்கக் கூடாது என்பதை. 2013 மே மாதம் இந்திய நடுவண் அரசு, ஓங்கல் காட்சியகங்களுக்கு அனுமதி தரவேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

கப்பல் மோதல் கடைசியாகக் கவனம் பெற்றது. இலங்கையின் தென்முனையில், தேவேந்திரமுனைக்கு அப்பால், உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளுள் ஒன்று ஓடுகிறது. நீலத்திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. 2012இல் ஒரு சரக்குக் கப்பல் தன் முகப்பில் நீலத்திமிங்கிலத்தின் உடலைச் சுமந்தபடி கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. கப்பலில் இருந்தவர்கள் மோதியதையே உணர்ந்திருக்கத் தேவையில்லை, அத்தனை பெரிய கப்பல்கள் இவை. இந்தப் பாதையின் ஒரு முனை தமிழகத்தின் உள்நிலத்தில் தொடங்குகிறது. சென்னை வெளிவட்டச் சாலை பெங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கிடும் நசரத்பேட்டை, கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, பூந்தமல்லியை ஒட்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் உள்ள ஊர். திமிங்கிலத்தோடு அதற்கு எந்த உறவும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் கார்களும் சரக்குப் பெட்டிகளும் மீஞ்சூர் வழியாக எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்குத் திரும்பும் சந்திப்பு அதுதான். பாக் நீரிணையில் ஆழம் போதாது; ஆகவே மேற்கே செல்லும் கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். ஏற்றுமதியை நம்பிப் பிழைக்கும் ஊர்களைத் திமிங்கிலத்துக்காகக் குறைசொல்வதா என்றால், குறைசொல்லத் தேவையே எழவில்லை. பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால் ஆபத்து பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் காட்டினர்; எம்.எஸ்.சி. என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே அப்படி நகர்ந்தது. ஆலைக்கும் லாரிக்கும் இதனால் நட்டம் வந்ததாகச் செய்தி இல்லை. பாதையை எல்லாக் கப்பல்களுக்கும் விதியாக்குவது இலங்கை அரசும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் கூடி எடுக்கவேண்டிய முடிவு.

அண்மைச் செய்திகள் சில. கடல் பாலூட்டிகள் வலையில் சிக்குவதைக் கணக்கிடாத நாடுகளின் மீனை வாங்குவதில்லை என்ற அமெரிக்க விதியின் நெருக்கடியால் இந்தியக் கடலில் கணக்கெடுப்பு தொடங்கியிருக்கிறது. மேற்சொன்ன கப்பல் பாதையை ஒட்டிய கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திமிங்கிலங்கள் இருமுறை கரையேறிய மணப்பாடு அதற்கு அடுத்த ஊர்.