கரிப்பாதையில் பிறந்த கேளிக்கை

ஜொகூரில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லெகோலேண்ட் பூங்காவில் நம் பிள்ளைகள் கூச்சலிட்டுச் செல்லும் ரோலர் கோஸ்டர், இரும்புப் பாதையில் ஓடுவது. அதன் மூதாதையோ மரத்தாலானது. 1884இல் அமெரிக்காவின் கோனித் தீவில் தாம்சன் என்பவர் அதை அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட்.

அதற்கும் முந்தியதொரு கதை உண்டு, நேயர்களே. 1827இல் பென்சில்வேனியாவின் மாக் சங்க் என்னுமிடத்தில், மலையிலிருந்து நிலக்கரி இறக்கத் தண்டவாளம் போட்டார்கள். கரிப்பெட்டிகள் தம் பாரத்தாலேயே சரிந்து இறங்கின. தொடக்கத்தில் வெறும் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்தன. 1870களில் கரி வேறு வழியே செல்லவே, மக்கள் காசு கொடுத்து அப்பாதையில் உல்லாசச் சவாரி போனார்கள்.

உயரத்திலிருந்து சரியும் அதே தத்துவந்தான் இன்றைய வண்டியையும் ஓட்டுகிறது. தோட்டத்தில் பாரம் சுமந்து வாழ்ந்த நாம், இந்த விளையாட்டுக்கு அடியில் உழைப்பு இருந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.