தூணும் ஓவியமும்: மிராபால் சகோதரியர் நினைவு

அதிகாரம் தன் பெயரைக் கல்லிற் பொறித்து நிலைநிறுத்த முனைவது வரலாற்றிற் பலமுறை கண்ட வழக்கமாகும். ஆயின், அக்கல் பிற்காலத்தில் யாருக்குச் சாட்சி சொல்லும் என்பதை அதனை எழுப்பியவர் தீர்மானிக்க இயலாது. கரீபியன் கடற்பரப்பிலுள்ள டொமினிக்கன் குடியரசின் தலைநகரில் நிற்கும் தூணொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

1930 இல் ஆட்சியைக் கைப்பற்றிய ரபாயேல் துருகியோ, 1936 இல் சாந்தோ தொமிங்கோ என்னும் பழம்பெரும் நகருக்குத் தன் பெயரையே சூட்டினான். அப்பெயர் மாற்றத்தை நினைவுகூருமுகமாக 1937 இற் கடற்கரை வீதியிலே ஏறத்தாழ 40 மீற்றர் உயரமான, மேனோக்கிக் கூர்ந்து செல்லும் நாற்பக்கத் தூண் எழுப்பப்பட்டது. அதே ஆண்டிலேயே எல்லைப்புறத்தில் வாழ்ந்த எயிட்டியர் ஆயிரக்கணக்கில் அவனது படையினராற் கொல்லப்பட்டனர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இக்கொடுங்கோன்மையை எதிர்த்து இரகசியமாக இயங்கிய 'யூன் 14 இயக்கத்தில்' பத்திரியா, மினேர்வா, மரியா தெரேசா என்னும் மிராபால் சகோதரியர் மூவரும் பங்குகொண்டனர். 'வண்ணத்துப்பூச்சிகள்' என்பது அவர்களது மறைபெயர். அவர்களுள் மினேர்வா சட்டம் பயின்றவர். எனினும், வழக்கறிஞராகத் தொழில்புரியும் அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. 1960 நவம்பர் 25 ஆம் நாள், சிறையிலிருந்த கணவன்மாரைப் பார்த்துத் திரும்பும் வழியில், மூவரும் சாரதி ருபினோ தெ லா குரூசும் மறிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டனர். உடல்கள் வாகனத்துடன் பள்ளத்தில் உருட்டப்பட்டு, நிகழ்ந்தது விபத்தெனக் கூறப்பட்டது. மக்கள் அதனை நம்பவில்லை. ஆறு மாதங்களின் பின், 1961 மே 30 இல், துருகியோ சுட்டுக் கொல்லப்பட்டான். நகரமும் அவ்வாண்டிலேயே தன் பழைய பெயரை மீளப் பெற்றது.

தூண் மட்டும் எஞ்சியது. 1997 இல் எல்சா நூனியெசு என்னும் பெண் ஓவியர் அதன் பக்கங்களிற் சகோதரியரின் உருவங்களைத் தீட்டினார். தூணை இடித்திருந்தால் கொடுங்கோலனின் செருக்குக்கான தடயமும் உடன் மறைந்திருக்கும். அவ்வாறன்றி, அவனது கல்லே அவனாற் கொல்லப்பட்டோரைத் தாங்கி நிற்கின்றது. இவ்வோவியத்தின் பொருள், வண்ணத்தில் எவ்வளவு தங்கியுள்ளதோ, அது தீட்டப்பட்ட இடத்திலும் அவ்வளவு தங்கியுள்ளது எனலாம்.

1999 இல் ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 25 ஐப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாகப் பிரகடனப்படுத்தியது. இதனாற் சகோதரியரின் புகழ் உலகெங்கும் பரந்தது. எனினும், அவர்களைத் துயருற்ற மூன்று பெண்களாக மாத்திரம் போற்றுவது போதாது. அவர்கள் அரசியல் இயக்கமொன்றைக் கட்டியெழுப்பியோர். அதன் பொருட்டே கொல்லப்பட்டோர். அவ்வரசியலை விலக்கி முகங்களை மட்டும் வணங்குவது, அவர்களை மீண்டும் மௌனிகளாக்குவதாகும்.

1997 இன் பின்னர் வேறு ஓவியர்களும் அத்தூணில் அவர்களைப் புதிதாக வரைந்துள்ளனர். கடற்காற்றும் வெயிலும் வண்ணத்தை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. துருகியோ எழுப்பிய கல் தானாகவே நிற்கும். அதன் மீதுள்ள ஓவியமோ ஒவ்வொரு தலைமுறையும் தூரிகையை ஏந்தும்வரையே நிலைக்கும்.