பத்து மணி நேரத்தில் ஒரு தீர்ப்பு

2015 டிசம்பர் 18 அன்று 'மேக்கிங் எ மர்டரர்' ஆவணத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. முதல் பருவத்தில் பத்துப் பகுதிகள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரே மூச்சில் பார்த்து முடித்தவர்கள் கொதித்துப்போனார்கள். தொடர் காட்டிய இருவரைச் சிறையிலிருந்து விடுவிக்கக் கோரி வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மனுப் போட்டார்கள். மாநில வழக்கில் தண்டனை பெற்றவரை மன்னிக்க அதிபருக்கு அதிகாரமில்லை என்று பதில் வந்தது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மானிட்டோவாக் பகுதியில் காயலான் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் ஸ்டீவன் ஏவரி. 1985-ல் நடந்த ஒரு பாலியல் வன்முறை வழக்கில் செய்யாத குற்றத்துக்கு 18 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். மரபணுச் சோதனை 2003-ல் அவரை விடுவித்தது. 3.6 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அது நடந்துகொண்டிருந்தபோதே, 2005-ல், அந்தக் கடைக்குக் காரைப் படமெடுக்க வந்த இளம் பெண்ணைக் கொன்றதாகக் கைதானார். அவருடைய சகோதரியின் மகன் பிரெண்டன் டாசியும் சிக்கினான். அப்போது அவனுக்கு வயது 16.

இயக்குநர்கள் லாரா ரிச்சியார்டி, மொய்ரா டெமோஸ் இருவரும் பத்தாண்டு உழைத்தவர்கள். ஆனால் அவர்களுடைய கேமரா பெரும்பாலும் ஏவரியின் பெற்றோர் வீட்டிலும், அவர் தரப்பு வழக்கறிஞர்கள் பக்கத்திலுமே இருந்தது. இறந்த பெண்ணின் குடும்பம் பங்கேற்கவில்லை. அவளுடைய காரின் முன்மூடித் தாழ்ப்பாளில் ஏவரியின் மரபணு கிடைத்ததும், அவர் தன் எண்ணை மறைத்து அவளை அழைத்ததும் முதல் பருவத்தில் இல்லை. இவை இருந்திருந்தால் பார்வையாளர் மனம் மாறியிருக்குமா என்பது வேறு கேள்வி. எடைபோடும் வாய்ப்பையே பறித்தது எப்படி நியாயமாகும்?

பார்வையாளர்களோ எடைபோடக் காத்திருக்கவில்லை. அரசு வழக்கறிஞர் கென் க்ராட்ஸை இணையத்தில் வறுத்தெடுத்தார்கள். 2016 பிப்ரவரியில் மானிட்டோவாக் ஷெரிஃப் அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. ஷெரிஃப் துறை வேறு, நகரக் காவல் துறை வேறு என்று பிரித்துப் பார்க்கக்கூடப் பலருக்குப் பொறுமையில்லை. நகரக் காவல் துறைக்கும் வசை மழை.

தவறான தீர்ப்புகளைத் தோண்டிப் பார்க்கும் தொழிலுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. பெரி மேசன் கதைகளை எழுதிய வழக்கறிஞர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், 1948-ல் 'ஆர்கஸி' இதழில் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளைக் கிளறத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து எரல் மாரிஸ் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்', டல்லஸில் காவலர் ஒருவரைச் சுட்டதாக மரண தண்டனை பெற்ற ராண்டல் டேல் ஆடம்ஸின் வழக்கைப் புரட்டிப் போட்டது. 1989-ல் அவர் வெளியே வந்தார். (வந்ததும், தன் கதையின் உரிமை யாருக்கு என்று மாரிஸ் மீதே வழக்குப் போட்டது தனிக் கூத்து.) மாரிஸும் ஒருபக்கம் சாய்ந்தவர்தான். ஆனால் ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களையும், விசாரித்த காவலர்களையும், ஏன், நீதிபதியையுமே கேமராவுக்கு முன் உட்காரவைத்துத் தாராளமாகப் பேசவிட்டார். சாட்சியம் எப்படி உளுத்திருந்தது என்பது அவர்கள் வாயாலேயே வெளிவந்தது. மானிட்டோவாக் தொடரில் இல்லாமல் போனது இந்தத் துணிச்சல்தான்.

ஷெரிஃப் துறையில் இருந்த ஆண்ட்ரூ கோல்போர்ன், தன் நீதிமன்றச் சாட்சியத்தை வெட்டி ஒட்டித் தன்னைச் சதிகாரனாகக் காட்டிவிட்டதாக 2018-ல் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். பொய்யென்று தெரிந்தோ பொய்யா என்று கவலைப்படாமலோ அப்படிக் காட்டியதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2023 மார்ச்சில் நீதிபதி பிரெட் லுட்விக் அதைத் தள்ளுபடி செய்தார். சட்டப்படி அது சரி. பார்த்தவர்களுக்குச் செய்த அநீதிக்கு எந்த நீதிமன்றமும் கணக்குக் கேட்காது. அதே ஆண்டு 'கன்விக்டிங் எ மர்டரர்' என்று மறுப்புத் தொடர் ஒன்றும் வந்தது. அது அரசுத் தரப்பின் பக்கம் சாய்ந்திருந்தது.

2007-ல் ஏவரி வழக்கின் ஜூரிகள் ஏறத்தாழ ஒரு மாதம் உட்கார்ந்து சாட்சியம் கேட்டார்கள். அவர்கள் குற்றவாளி என்று சொன்ன ஏவரி பரோலே இல்லாத ஆயுள் தண்டனையை அனுபவிக்கிறார்.